புதியவருக்கு முதல் ஸலாம்



மஃரிபுக்குப் பின் வெளிச்சம் மங்கியதும் வாசற்படியில் தடுமாறும் பிள்ளை உங்கள் குடும்பத்தில் எவரேனும் உண்டா? திருமண வீட்டில் மின்சாரம் நின்றுபோனால் மற்றவர்கள் இருட்டிலும் ஓரளவு நடமாட, தான் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும் இளைஞர் உண்டா? இருந்தால், அதனை 'மாலைக்கண்' என்று பெயரிட்டுக் கடந்து போய்விட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

வைட்டமின் 'ஏ' குறைவினால் வரும் மாலைக்கண் உரிய மருந்தாலும் உணவாலும் குணமாகக் கூடியது. அதே அடையாளத்தோடு வருகின்ற வேறொரு நோயும் இருக்கிறது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பது அதன் பெயர். விழித்திரையில் மங்கிய ஒளியைப் பிடித்துத் தரும் குச்சி செல்கள் முதலில் அழிகின்றன. ஆதலால் இரவுப் பார்வை முதலில் போகிறது. பின்னர் பக்கப் பார்வை சுருங்கிச் சுருங்கி, ஒரு குழாய் வழியே உலகைப் பார்ப்பது போல் ஆகிறது. இறுதியில் பகற்பார்வைக்கும் நிறங்களுக்கும் உரிய கூம்பு செல்களும் தளர்கின்றன. இது பரம்பரையாக வருவது. முருங்கைக் கீரையும் ஆட்டீரலும் இதனைத் தடுப்பதில்லை.

என் தமக்கையின் மகனுக்கு வந்தது இதுதான். அவனுடைய அத்தா விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் வேலை பார்ப்பவர். குடும்பம் இங்கே ஸ்ரீமுஷ்ணத்தில். பத்து வயதில் என்னிடம் ஓத வந்தபோதே இஷா முடிந்து வீடு திரும்புகையில் யாராவது ஒரு சிறுவனின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். ஊரில் எல்லோரும் கேரட்டைக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார்கள். பதினாறு வயதில் சைக்கிள் ஓட்டுவதை நிறுத்தினான். கல்லூரியில் வணிகவியல் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் கரும்பலகை போயிற்று. அதன் பின் புத்தகம் போயிற்று. மருத்துவர் விழித்திரையைப் பார்த்துவிட்டு, பெற்றோர் இருவரும் உறவினரா என்பதைத்தான் முதலில் கேட்டார். என் தமக்கை தன் மாமி மகனைக் கைப்பிடித்தவள்.

இதனை எழுதுவது எவர்மீதும் பழி சுமத்துவதற்கன்று. பழுதான ஒரே மரபணுவைத் தாயும் தந்தையும் தம்மை அறியாமல் சுமந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு இந்நோய் வர வாய்ப்பு உண்டு. சுமப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் அப்படி இருவர் சேர்வது எளிதாகிறது. நம் சமுதாயத்தில் இவ்வழக்கம் பரவலாக இருப்பதால், மணப்பேச்சுக்கு முன்னரே குடும்பத்தில் எவருக்கேனும் இரவுப் பார்வைக் குறை உண்டா என்று கேட்டறிந்து, இருந்தால் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. நகையைப் பற்றி அவ்வளவு விரிவாகப் பேசுகிற நாம் இதையும் பேசலாம். சிகிச்சை என்று கேட்டால், RPE65 எனும் ஒரேயொரு மரபணுவின் பழுதுக்கு மட்டும் 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு மரபணு மருந்து அனுமதிக்கப்பட்டது. இந்நோய்க்குக் காரணமாகும் மரபணுக்களோ பல. விளம்பரங்களைப் பார்த்து வீட்டை அடகு வைத்துவிடாதீர்கள்.

சான்றிதழ் வந்தது; தனித்துவ அடையாள அட்டையும் வந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்குக் கிடைக்கும் உரிமைகளுக்கெல்லாம் அதுவே திறவுகோல். ஆனால் பிள்ளை கல்லூரியை நிறுத்திவிட்டுக் கொல்லைப்புற அறையில் படுத்துவிட்டான். உணவு நேரத்துக்கு மட்டும் எழுவான். தொழுகைக்கு எவராவது அழைத்துச் சென்றால் வருவான், அழைக்காவிட்டால் அங்கேயே தொழுதுகொள்வான். தமக்கை என்னிடம், "நீ ஓதிக் குடுக்கிறவன், நீ கொஞ்சம் சொல்லேன்டா" என்றாள். என்ன சொல்வது? பொறுமையைப் பற்றி அவனுக்கு ஏற்கெனவே போதுமான அளவு சொல்லியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவனுக்குத் தேவைப்பட்டது அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் உண்டு. ஒலியைக் கூட்டும் குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்துச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் அதனை எழுப்பிவிடும்படி அமைத்துக்கொள்ளலாம். பிறகு திரையில் விரல் எதைத் தொட்டாலும் அது என்ன என்று கைப்பேசி வாய்விட்டுச் சொல்லும். ஒரு விரலை வலப்புறம் தள்ளினால் அடுத்தது; இடப்புறம் தள்ளினால் முந்தியது; இருமுறை தட்டினால் உள்ளே நுழையும். ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற பெயரில் இதே வசதி 2009 முதல் இருக்கிறது. கணினிக்கு என்விடிஏ என்ற மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் அதனைத் தொடங்கினார். ஜேம்ஸ் டே உடன் சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். கூகிளில் ஆண்ட்ராய்டைப் பேச வைக்கும் தொடக்கப் பணியில் ஈடுபட்டவர்களில் ஒருவரான டி.வி. ராமன், தமது பதினான்காம் வயதில் கண்ணழுத்த நோயால் பார்வையை இழந்தவர். மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்று பின்னர் அமெரிக்காவில் முனைவர் ஆனவர். இந்தச் செய்தியைச் சொன்னபோதுதான் மருமகன் முதன்முதலாகத் தலையைத் திருப்பினான்.

நான் வரலாறு படித்த பி.ஏ.; கணினிப் பக்கம் போனவன் அல்லன். எனினும் இக்கருவியைக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. மத்ரஸாவில் நாங்கள் காதால்தானே கற்பிக்கிறோம்! உஸ்தாது ஓத, பிள்ளை கேட்டு, திருப்பி ஓத, பிழையைத் திருத்தி, மீண்டும் ஓத வைப்பது நம் முறை. எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னரே சின்னஞ்சிறு சூராக்கள் பிள்ளைகளின் நாவில் ஏறிவிடுகின்றன. திரைவாசிப்பானும் அப்படித்தான். முதல் வாரம் முழுவதும் நான் கற்பித்தது இரண்டே இரண்டு: வலப்புறம் தள்ளுதல், இருமுறை தட்டுதல். பேசும் வேகத்தை மிகக் குறைத்து வைத்தோம். பழகியவர்கள் அதை எவ்வளவு விரைவாக ஓட விடுகிறார்கள் என்பதைக் கேட்டால் உங்களுக்கும் எனக்கும் ஒரு சொல்லும் விளங்காது. தராவீஹில் வேகமாக ஓதும் ஹாஃபிழைத் தொடர்ந்து கேட்டுப் பழகிய காதுக்கு விளங்குவது போல அவர்களுக்கு விளங்குகிறது.

கருவி கைவந்த பின்னும் பிள்ளை அறையை விட்டு வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பேசும் கைப்பேசி ஒன்று, பேசாத பிள்ளை ஒருவன். யாரிடம் பேசுவது? பார்வையுள்ள நண்பர்கள் அனுப்பும் படங்களும் காட்சித் துணுக்குகளும் அவனுக்கு ஊமையாக வந்து விழுந்தன.

அப்போதுதான் ஒரு குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். தமிழகத்தின் பல மாவட்டங்களிலும் உள்ள பார்வையற்றவர்கள் கைப்பேசி வழியாகக் குரலால் கூடுகிறார்கள். வியாழன்தோறும் இரவு ஒரு மணி நேரம். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், தொலைபேசி இயக்குநர்கள், ஊதுவத்தி விற்பவர், வீட்டில் இருக்கும் பெண்கள் என எல்லாத் தரத்தாரும் உண்டு. பாதிப்பேர் பிறவியிலேயே பார்வையற்றவர்கள். மற்றவர்கள் நடுவயதில் இழந்தவர்கள்.

தமக்கைக்கு இது பிடிக்கவில்லை. "யாரு எவருன்னே தெரியாது. ஆம்பளையும் பொம்பளையும் ஒண்ணா பேசுறாங்களாம். காசு கீசு கேட்டா?" என்றாள். அவள் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மோசடிக்காரர்கள் பார்வையற்றவரை எளிதான இரை என்றே கருதுகிறார்கள். ஆகவே குழுவை நடத்தும் அம்மையாரிடம் அவளையே பேச வைத்தேன். அவர் திருச்சிப் பக்கத்தவர்; பள்ளியாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்; ஐந்து வயது முதல் பார்வையற்றவர். "அம்மா, எங்க குழுவுல முதல் விதியே பணம் பேசக் கூடாதுங்கிறதுதான். இரண்டாவது விதி, வங்கியிலேர்ந்து வர்ற ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. கைப்பேசி அதைச் சத்தமாப் படிச்சிடும், அதனால பேருந்துல இருக்கும்போது ஒரு காதுல கருவி மாட்டிக்கணும்" என்று அவர் சொன்னதும் தமக்கை அடங்கினாள். மாற்றுச் சமயத்தாரோடு பழகுவது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதும் அன்று. மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் புறப்படும் எங்களூர்ப் பூவராகருக்கு அங்குள்ள தர்காவின் சார்பில் மரியாதை செய்யப்படுவதை நீங்களும் படித்திருப்பீர்கள்.

முதல் வியாழனன்று நானும் அவன் பக்கத்தில் அமர்ந்து கேட்டேன். அங்கே கண்ட ஒழுங்கு எனக்கு வியப்பளித்தது. ஒவ்வொருவரும் பேசுவதற்கு முன் தம் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டே தொடங்குகிறார்கள். முகம் தெரியாத இடத்தில் அதுவே முகம். ஒருவர் விலகுவதாயிருந்தாலும் சொல்லிவிட்டே விலகுகிறார். புதியவனிடம் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எப்படிப் பார்வை போச்சு?" என்பதன்று. "எந்தக் கைப்பேசி வச்சிருக்கீங்க? எந்தக் குரல் வச்சிருக்கீங்க?" என்பதுதான்! மூன்றாண்டுகளாக வந்தவர் போனவரெல்லாம் முதற்கேள்வியை மட்டுமே கேட்டு அலுத்துப் போயிருந்த பிள்ளை, இந்த இரண்டாவது கேள்விக்கு நிமிர்ந்து உட்கார்ந்து விடை சொன்னான். எவ்வளவு பார்வை மிச்சம் இருக்கிறது என்றும் எவரும் கேட்கவில்லை. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்களாம்.

இவ்வளவு நல்ல கூட்டத்திலிருந்தும் அவன் இரண்டாம் வாரமே விலகிவிட்டான். அன்பின் மிகுதியால் நேர்ந்தது அது. புதியவன் ஒரு சந்தேகம் கேட்டான் என்பதற்காக ஆளாளுக்குக் குரற்செய்தி அனுப்ப, ஒரே பகலில் அறுபதுக்கு மேல் வந்து சேர்ந்தன. ஒருவர் ஒரு வழி சொல்ல, மற்றவர் அது பழைய பதிப்புக்கு உரியது என்று மறுக்க, மூன்றாமவர் வேறு கைப்பேசி வாங்கச் சொல்ல, தலை சுற்றிவிட்டது. பார்வையுள்ளவர் அறுபது செய்திகளை ஒரு கண்ணோட்டத்தில் மேய்ந்துவிடலாம். காதுக்கு அந்த வசதி இல்லை. ஒன்றன் பின் ஒன்றாகத்தான் கேட்டாக வேண்டும். "எனக்கு இது சரிப்படாது மாமா" என்று குழுவை விட்டு வெளியேறி மறுபடியும் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை அந்த அம்மையாரே தனியாக அழைத்தார். திரும்பி வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. தமது பழைய மாணவர் ஒருவருக்கு வணிகவியலில் ஒரு கணக்குப் புரியவில்லை, அவருக்குச் சொல்லித்தர இயலுமா என்று கேட்டார். அவரும் பார்வையற்றவர், கடலூர்ப் பக்கம் கல்லூரியில் படிப்பவர். இருப்புநிலைக் குறிப்பைக் காதால் கேட்டு எப்படி மனத்தில் நிறுத்துவது என்று இருவரும் நாலைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒவ்வொரு பத்தியையும் ஒரு விரலுக்கு ஒதுக்கி எண்ணும் ஒரு முறையை மருமகன் கண்டுபிடித்தான். உதவி கேட்டு வந்தவனாக நுழைந்தபோது நிலைக்காத கால், உதவி செய்பவனாக நுழைந்தபோது நிலைத்துவிட்டது. வியாழக் கூட்டத்துக்கு அவனாகவே திரும்பினான்.

அதன் பின் அக்குழுவிலும் ஒரு மாற்றம் செய்தார்கள். புதிதாக வருபவர் எவராயினும் முதல் மூன்று வாரங்களுக்கு ஒரே ஒரு மூத்தவர் மட்டும் அவருக்குத் துணை. மற்றவர்கள் விடை தெரிந்தாலும் வாய் திறப்பதில்லை. ஒரே கேள்வியை ஏழாவது முறை கேட்டாலும், முன்னரே சொன்னோமே என்று சொல்வதற்கு அங்கே இடமில்லை. ரமளானில் கூட்டம் தராவீஹ் நேரத்தில் வந்ததால், எங்களவர் மூவருக்காக அதனை இரவு பத்து மணிக்கு மாற்றினார்கள், நாங்கள் கேட்காமலேயே.

வாசகர்களே, இப்படிப்பட்ட ஏற்பாடு மதீனாவிலேயே இருந்ததன்றோ! அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர்கள். அவர்கள் தொடர்பாகவே 'அபஸ' எனும் 80ஆவது அத்தியாயத்தின் தொடக்கம் அருளப்பட்டதை நாம் அறிவோம். அதைவிட எனக்குப் பிடித்தது பாங்கு பற்றிய செய்தி. பிலால் (ரலி) இரவிலேயே பாங்கு சொல்லிவிடுவார்கள். உண்பதை நிறுத்த வேண்டிய வைகறைப் பாங்கு உம்மி மக்தூமின் மகனாருடையது. விடியலைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டிய அந்தப் பணிக்குப் பார்வையற்ற ஒருவர்! விடிந்துவிட்டது என்று மக்கள் அவர்களுக்குச் சொல்வார்கள். சொன்ன பின் அவர்கள் பாங்கு சொல்வார்கள். பணியை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வது எளிதாக இருந்திருக்கும். எடுக்காமல், சொல்லுவதற்கு ஆள் வைத்தார்கள்.

நம் வீடுகளில் அந்தச் சொல்லும் பணியை நாம் எப்படிச் செய்கிறோம்? சென்ற ஆண்டு எங்கள் உறவில் ஒரு பெரியவர் மௌத்தானார். இவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர். குடும்பக் குழுவில் ஜனாஸா அறிவிப்பைக் கறுப்புக் கரையிட்ட அழகிய படமாகப் போட்டிருந்தார்கள். அவன் கைப்பேசி "படம்" என்று மட்டும் சொல்லிற்று. வெள்ளிக்கிழமை வாழ்த்துகள் நாற்பது படங்களாக வருகிற குழு அது. அதில் ஒன்று என்று தள்ளிவிட்டான். அடக்கம் முடிந்த பின்னரே அவனுக்குத் தெரிந்தது. அன்றிரவு அவன் அழுததைப் போல, பார்வை போனபோதுகூட அழவில்லை. இப்போது எங்கள் குழுவில் எந்தப் படம் போட்டாலும் கீழே இரண்டு வரி எழுத்தில் சேர்க்கிறார்கள்: இன்னார் மௌத், அடக்கம் இத்தனை மணிக்கு, இன்ன பள்ளியில். இதற்கு அரை நிமிடம் ஆகிறது.

எழுதுவதைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினால் திரைவாசிப்பான் அதனை ஆங்கிலம் என்று கருதிக் கடித்துத் துப்பும்; எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அதுபோலவே யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அச்சிட்டுக் கோப்பாக வெளியிடப்படும் தமிழ் நூல்களும் இதழ்களும் பார்ப்பதற்குத் தமிழ், கேட்பதற்குக் குப்பை. நம் சமுதாய வெளியீடுகள் பல இவ்வகையே. இதழாசிரியர்கள் இந்த ஏழை ஆசிரியனின் குறையைப் பொறுத்துக்கொண்டு சற்றுக் கவனிக்க வேண்டும்.

இன்னும் சில. பார்வையற்றவர் அறைக்குள் நுழையும்போது ஸலாத்தோடு பெயரையும் சொல்லுங்கள். "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று குரலை மாற்றி விளையாடாதீர்கள். பெரியவர்கள்கூட இதைச் செய்கிறார்கள். நாற்காலியை இடம் மாற்றினால் சொல்லுங்கள். அவர் கைப்பேசியில் தடுமாறும்போது, "இங்கே கொடு, நான் செய்கிறேன்" என்று பிடுங்காதீர்கள். நீங்கள் பிடுங்கிச் செய்தது அவர் கற்றதாகாது. தவிரவும் திரைவாசிப்பான் ஓடும்போது உங்களுக்குத்தான் அந்தக் கைப்பேசி பணியாது!

பணத்தாள்களைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள புதிய தாள்களில் தடவி அறியும் புடைப்புக் குறிகள் உண்டு: நூறுக்கு முக்கோணம், ஓரங்களில் நான்கு கோடுகள்; ஐந்நூறுக்கு வட்டம், ஐந்து கோடுகள். தாள் கசங்கியதும் குறி தேய்ந்துவிடும். நீளத்தை நம்பலாமென்றால் இருநூறு ரூபாய்த் தாள் 146 மில்லிமீட்டர், ஐந்நூறு 150. நான்கு மில்லிமீட்டரில் முந்நூறு ரூபாய்! 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 'மணி' என்ற செயலியை வெளியிட்டது; கைப்பேசியின் கேமராவைத் தாளின்மேல் காட்டினால் மதிப்பைச் சொல்லும். மருமகன் செயலியையும் வைத்திருக்கிறான். ஐந்நூறை மட்டும் குறுக்கே மடித்துத் தனிப் பையில் வைக்கும் பழைய வழக்கத்தையும் விடவில்லை. இரண்டாவதைக் கற்றுக்கொடுத்தவர் அந்த ஊதுவத்தி வியாபாரி.

வங்கிக் கணக்குதான் பெரும்பாடாக இருந்தது. கைப்பேசி வழியே ஆளைச் சரிபார்க்கும்போது கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டு என்கிறது. சிமிட்ட வேண்டியது எங்கே, எப்போது என்பது திரையில் மட்டும் தெரிகிறது. குழுவில் இப்படித் திரும்பி வந்தவர்கள் பலர். இதே குறையோடு அமிலவீச்சில் முகம் சிதைந்த பெண்களும், அமர் ஜெயின் என்ற பார்வையற்ற வழக்கறிஞரும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தார்கள். மின்வழிச் சேவைகளை எட்டும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், இச்சரிபார்ப்புக்குக் கண்சிமிட்டல் அல்லாத மாற்று வழியும் இருக்க வேண்டும் என்றும் கூறி இருபது கட்டளைகள் பிறப்பித்தார்கள். வங்கிக்குச் செல்பவர்கள் இத்தீர்ப்பின் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பைப் பற்றி ஒரு சொல். பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றப் பதிப்புரிமை தடையாகாது என்னும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013இல் ஏற்பட்டது; 2014இல் அதற்கு ஏற்பளித்த முதல் நாடு நம் இந்தியா. 2016இல் 'சுகம்ய புஸ்தகாலய' என்ற மின்னூலகம் தொடங்கப்பட்டது. மருமகன் அங்கிருந்துதான் தன் பாடநூல்களைத் தேடுகிறான். ஆனால் பிரெயில் கற்க வேண்டுமா என்பதில் குழுவுக்குள் ஓயாத வழக்கு. காதே போதும் என்கிறார்கள் இளையவர்கள். கற்றே ஆக வேண்டும் என்கிறார் அம்மையார். நான் அம்மையார் கட்சி. கேட்பவன் எழுத்துக்கூட்டை மறந்துபோகிறான். ள, ல, ழ மூன்றையும் அந்த இயந்திரக் குரல் ஒன்றுபோலவே சொல்கிறது. லூயி பிரெயில் 1824இல் தம் பதினைந்தாம் வயதில் ஆறு புள்ளிகளால் அமைத்த எழுத்து அது. நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் வந்தது. அரபிக்கும் பிரெயில் உண்டு; அதில் குர்ஆனும் உண்டு. வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபி, பிரெயிலில் இடமிருந்து வலமாக ஓடுகிறது என்பதை அறிந்து நான் சற்று நேரம் திகைத்து நின்றேன். இருபத்தைந்து ஆண்டுகளாக அரபி எழுத்தைக் கற்பிக்கும் எனக்கு அந்தத் தாளில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. அவன் விரலை வைத்து, "இது அலிஃப் மாமா, ஒரே ஒரு புள்ளி" என்றான்.

விட்ட இடத்திலிருந்து தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்பைத் தொடர்கிறான். அரசுப் பணிகளில் பார்வைக் குறைபாடு உடையோருக்கு உள்ள ஒரு விழுக்காடு ஒதுக்கீட்டை எண்ணித் தேர்வுகளுக்கும் படிக்கிறான். கிடைக்குமா என்பது அல்லாஹ்வின் நாட்டம். தொழுகைக்கு இப்போது வெண்கோலோடு தானே போய் வருகிறான். கோலைப் பிடிக்க முதலில் வெட்கப்பட்டவன்தான். குழுவில் ஒருவர் தம் கோல் வாய்க்காலில் விழுந்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன பிறகு வாங்கிக்கொண்டான்.

சென்ற மாதம் குழுவுக்கு ஒரு புதியவர் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை நோயால் இரு விழித்திரையும் போனவர், மளிகைக் கடை வைத்திருந்தவர். துணையாக நியமிக்கப்பட்டவன் எங்கள் பிள்ளை. மத்ரஸா முடிந்து நான் போனபோது அவன் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தான்.

"பெரியவரே, என் பேரு சொன்னேன், ஊரு ஸ்ரீமுஷ்ணம். உங்க கைப்பேசி எந்தக் கம்பெனி? ... பரவாயில்லை, பெட்டியில எழுதியிருந்தா பேரனைப் படிக்கச் சொல்லுங்க. குரல் ரொம்ப வேகமா ஓடுதா? முதல்ல அதை மெதுவாக்கிடுவோம்."

அந்தப் பக்கம் பெரியவர் ஏதோ நீளமாகச் சொன்னார். கடையைப் பற்றி, கண்ணைப் பற்றி இருக்கலாம். மருமகன் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, முதலில் எதைக் கற்றுக்கொள்ள விருப்பம் என்று கேட்டான். மஸ்கட்டில் இருக்கும் மகளை எவர் துணையும் இல்லாமல் தாமே அழைக்க வேண்டுமாம். அதற்கு நான்கு முறை வலப்புறம் தள்ளி ஒருமுறை இருமுறைத் தட்டு. அந்த நான்கையும் எண்ணிப் பழக மூன்று நாள் கொடுத்திருக்கிறான். வியாழனன்று கூட்டத்துக்கு அரைமணி முன்னதாகப் பெரியவர் அவனுக்கு அழைப்பதாக ஏற்பாடு.